எறும்பின் கோப்புகளில் நான் செய்த திருத்தங்கள்

எழுத்துப் பிழை என்றால் எனக்கு ஆகாது. ஒரு காற்புள்ளி இடம் மாறிக் கிடந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. நேற்று நீங்கள் கொடுத்த விசாரணைக் கடிதத்தில் ‘நடவடிக்கை’ என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பென்சிலால் திருத்தி உங்கள் மேசையிலேயே வைத்துவிட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம், மேடம். கை சும்மா இருக்காது.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். சந்தோஷமாக எழுதுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. கணினி வேலை உங்களுக்குப் பழக்கமில்லை என்று சொன்னதால் முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

நாங்கள் மூன்றாவது மாடியில் பொட்டலம் கட்டுகிறவர்கள். பெர்ல் என்று ஒரு பழைய கணினி மொழி. அதில் யார் யாரோ எழுதி வைத்த சின்னச் சின்ன நிரல்களுக்கு மாட்யூல் என்று பெயர். நம் கம்பெனியின் மென்பொருளை வாங்கிய கிடங்குகளிலும் அச்சகங்களிலும் அவை ஓட வேண்டும். எங்கள் மேசையில் ஓடுகிற நிரல் அடுத்தவர் மேசையில் ஓடாது, மேடம். அதுதான் இந்தத் தொழிலின் தலையெழுத்து. அதனால் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு கான்ஃபிக் கோப்பு வைப்போம். உள்ளே என்னென்ன இருக்கிறது, எது எதற்கு முன்னால் வேண்டும், இது எத்தனையாவது பதிப்பு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துத்தான் இயந்திரம் பொட்டலத்தைக் கட்டும். அந்தக் கட்டும் வேலைக்கு பில்ட் என்று பெயர். கோப்பில் ஒரு புள்ளி தவறினால் பில்ட் உடையும். உடைந்ததை ஒட்டுவதுதான் எங்கள் பிழைப்பு.

இந்த வேலையில் எனக்குப் பதினாறு வருஷம். என் தங்கைக்கு ஆறு வருஷம். அவளை நான் எறும்பு என்றுதான் கூப்பிடுவேன். இப்போது மாடி முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சின்னதாக இருப்பாள், ஓயாமல் ஓடுவாள், தன்னைவிடப் பெரிதைத் தூக்குவாள். அப்பா வேறு குடும்பம் தேடிப் போனபோது அவளுக்கு நான்கு வயது. அம்மா இறந்தபோது ஒன்பது. எனக்கு அப்போது இருபத்தொன்று. அன்றிலிருந்து அவளுக்கு அம்மா, அப்பா, அக்கா எல்லாம் நான்தான். இந்த மூன்று வேலைக்கும் ஒரே ஆள் என்பதில் எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை.

அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒருமுறை இரண்டு நாளாக ஒரு பில்ட் உடைந்துகொண்டே இருந்தது. நான் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். மூன்றாம் நாள் எறும்பு ஒரு கையில் வாழைப்பழத்தோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இந்த மாட்யூல் தன்னையே தனக்கு முன்னால கேக்குது பாரு. தான் பொறந்த பிறகுதான் தான் பொறக்கணும்னு சொன்னா எப்படிப் பொறக்கும்?”

ஒரு வரியை அழித்தாள், பழத்தை முடித்தாள், போய்விட்டாள். பில்ட் ஓடியது. எங்கள் சோதனைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். பில்ட் உடைந்தால் மூன்று தும்மல் போடுவார் என்பதால் அவருக்குத் தும்மலார் என்று பெயர். அன்று எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. வளர்த்த கைக்குத் தெரியும் அந்தச் சுகம்.

போன வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அங்கே பொட்டலப் பிரிவுக்கே தலைவர். மூன்று நாள் எங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். போகும்போது எறும்பைத் தனியாக அழைத்துப் பேசினார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் எறும்புக்கு உட்காரவே முடியவில்லை. சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

“அக்கா, என்னை அங்க வரச் சொல்றாங்க. எனக்குக் கீழ எட்டு பேரு. மூணு மாசம் கழிச்சுச் சேரணும்.”

“எவ்வளவு தூரம்?”

“ஒரு நாள் ரயில். ஆறு மாசம்தான்க்கா. அப்புறம் உன்னையும் கூட்டிக்கறேன்.”

ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். உண்மையிலேயே சந்தோஷம்தான். இறங்கியதும் அவளுக்குப் பிடித்த திராட்சை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். தனியாக ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாத பெண். நான் எழுப்பாமல் எழுந்ததில்லை. எட்டுப் பேருக்கு நடுவில் போய் விழுந்து அடிபட்டு அழுதால் யார் இருக்கிறார்கள்? விழப்போகிற குழந்தையை முன்னாலேயே பிடித்து உட்கார வைப்பதில்லையா?

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் அலுவலகத்தில் இருந்தேன். சாவி என்னிடம் இருப்பதால் எப்போதும் நான்தான் முதலில் வருவேன். எறும்பு ஒன்பதுக்கு வருவாள். மாலையில் கோப்பை எழுதி முடித்து வைத்துவிட்டு, காலையில் வந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எல்லோருக்கும் பொதுவான இடத்துக்கு அனுப்புவாள். அனுப்பியது அவள் பெயரில் பதிவாகும். அவளுடைய கணினியின் கடவுச்சொல் என் பிறந்த தேதி.

அன்று நான் எடுத்தது இரண்டு மேற்கோள் குறிகள். பதிப்பு எண் ஒன்று புள்ளி பத்து. அதை மேற்கோளுக்குள் வைத்தால் பெர்ல் அதை எழுத்தாக வாசிக்கும், அப்படியே வைத்துக்கொள்ளும். மேற்கோளை எடுத்துவிட்டால் வெறும் எண்ணாக வாசிக்கும். புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் பூஜ்யத்துக்கு என்ன மதிப்பு? உதிர்த்துவிடும். ஒன்று புள்ளி பத்து, ஒன்று புள்ளி ஒன்று ஆகிவிடும். அந்தப் பெயரில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய பொட்டலம் ஏற்கெனவே இருப்பதால், புதியதை வாங்கி வைக்கமாட்டேன் என்று பொட்டலங்களைச் சேர்த்து வைக்கும் சர்வர் கதவைச் சாத்தியது. தும்மலார் மூன்று தும்மல் போட்டார்.

எறும்பு அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். “ச்சே, மேற்கோளை விட்டுட்டேனே” என்று தலையில் குட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். அவ்வளவுதான்.

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிடும்போது, “இன்னிக்கு எப்படி மறந்தேன்னே தெரியலக்கா” என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆறு வருஷத்தில் அலுவலகத்தில் அவள் என்மேல் சாய்ந்ததே இல்லை.

இரண்டாவது தடவை டேப், அதாவது ஒரே தட்டில் நீள இடைவெளி விடும் விசை. கோப்பில் கட்டளை வரிகள் டேப் வைத்துத்தான் தொடங்க வேண்டும். அதை அழித்துவிட்டு இடைவெளிக் கட்டையை எட்டு முறை தட்டினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இயந்திரத்துக்குத் தெரியும். எறும்பு அந்த வரியை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக இருக்கிற வரி, ஆனால் தப்பு என்று வருகிறது. கடைசியில் நான் போய்க் காட்டினேன்.

“இங்க பாரு எறும்பு. இது டேப் இல்ல.”

“நான் எப்பவுமே டேப்தானே வைப்பேன்?”

“வைப்பே. இன்னிக்கு வைக்கல.”

மூன்றாவது, உள்ளடக்கப் பட்டியல். பொட்டலத்துக்குள் எந்தெந்தக் கோப்பு போக வேண்டும் என்ற பட்டியலில் ஒரு வரியை எடுத்துவிட்டேன். அவள் கணினியில் அந்தக் கோப்பு இருந்ததால் அங்கே எல்லாம் சரியாக ஓடியது. பொட்டலத்துக்குள் போகாததால் தும்மலார் மேசையில் ஓடவில்லை. ‘என்கிட்ட ஓடுதே, என்கிட்ட ஓடுதே’ என்று எறும்பு இரண்டு மேசைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள்.

பிழைகளை நான் நன்றாகத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்கு ஒரு கெட்ட பொட்டலம்கூடப் போகவில்லை. எல்லாம் மூன்றாவது மாடிக்குள்ளேயே உடைந்து மூன்றாவது மாடிக்குள்ளேயே ஒட்டப்பட்டது. கம்பெனிக்கு என்னால் ஒரு நஷ்டமும் இல்லை. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்தில் எறும்பு ஒவ்வொரு கோப்பையும் அனுப்புமுன் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். “அக்கா, ஒரு தடவ பாத்துடேன்.” அப்புறம் மின்னஞ்சல் அனுப்புமுன். அப்புறம் வீட்டுக் கதவைப் பூட்டும்போது. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பார்கள். எங்கள் வீட்டில் ஊர்ந்தது நான், தேய்ந்தது எறும்பு. அவள் மெலிந்துபோனாள். மருத்துவரிடம் போகலாம் என்று நான்தான் கூட்டிப்போனேன். அக்கறை இல்லாதவர்கள் அதைச் செய்வார்களா?

மருத்துவர் நல்ல பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். “வீட்லயும் இப்படி மறக்கறீங்களா?”

“இல்ல டாக்டர். ஆபீஸ்லதான்.”

“அப்ப வேலையிலதான் ஏதோ அழுத்தம். கொஞ்ச நாள் வேற இடத்துல வேலை பாத்துப் பாருங்களேன்.”

நல்ல மருத்துவர்தான், ஆனால் அவசர முடிவு. அதனால் அந்த வாரம் வீட்டிலும் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த சாவி ஃப்ரிட்ஜுக்குள் போனது. குளியலறைக் குழாய் திறந்தே கிடந்தது. அவள் டீ போட்டுவிட்டு வந்த பிறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை மட்டும் நான் வீட்டில் இருக்கும்போதுதான் செய்வேன். பாதுகாப்பு முக்கியம்.

அடுத்த தடவை மருத்துவர் மாத்திரை எழுதினார். முதலில் ஒன்று, பிறகு இரண்டு. மாத்திரையில் அவளுக்குக் கை நடுங்கியது, வேகமாகத் தட்டச்சு செய்ய வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒரே நாற்காலியின் இரண்டு கைப்பிடிபோல ஒட்டி உட்கார்ந்திருப்போம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாதங்கள் இல்லை, மேடம். தலைமை அலுவலகத்துக்கு ‘என்னால் வர இயலாது’ என்ற கடிதத்தை அவளே எழுதினாள். நான் வற்புறுத்தவில்லை. இரண்டு காற்புள்ளி மட்டும் திருத்தினேன்.

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கெடுத்தது அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

எந்தெந்த நேரத்தில் தப்பு நடக்கிறது என்று குறித்துக்கொண்டு வரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கேற்ப மாத்திரை நேரத்தை மாற்றலாமாம். வேறு யாராக இருந்தாலும் ஒரு நோட்டு வாங்குவார்கள். எறும்பு ஒரு பெர்ல் நிரல் எழுதினாள். நிமிஷத்துக்கு ஒருமுறை அவளுடைய கான்ஃபிக் கோப்புகள் ஒவ்வொன்றையும் கைரேகை எடுப்பதுபோல எடுத்துப் பார்க்கும். ஒரு புள்ளி மாறினாலும், எந்தக் கோப்பு, எந்த வரி, எத்தனை மணி என்று எழுதி வைக்கும். தன் மூளை எப்போது கெடுகிறது என்று பிடிக்கத்தான் அந்தப் பொறி. என்னைப் பிடிக்க அல்ல. எழுதிய செய்தியை என்னிடம் சொல்லவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிற பெண்.

ஐந்து வாரம் ஓடவிட்டு எடுத்துப் பார்த்திருக்கிறாள். பத்தொன்பது பிழை. பத்தொன்பதும் காலை எட்டு மணிக்கும் எட்டேகாலுக்கும் நடுவில்.

அப்போதும் அவளுக்கு என் நினைவு வரவில்லை. கணினியின் கடிகாரம் ஓடிப்போயிருக்கிறது என்று நினைத்தாளாம். இரண்டு நாள் அதைச் சுவர்க் கடிகாரத்தோடும் கைபேசியோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள், என்னைச் சந்தேகப்படவில்லை. என் வளர்ப்பைப் பற்றி இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

அது ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எறும்பு கையில் ஒரு தாளோடு வந்து கதவு நிலையில் நின்றாள்.

“அக்கா, கடிகாரம் சரியாத்தான் இருக்கு.”

“எந்தக் கடிகாரம்?”

“என் மெஷின்ல இருக்கறது. ஒரு செகண்டுகூடத் தப்பு இல்ல.” தாளை நீட்டினாள். “எட்டு ஏழுக்கு நான் இங்க தலை துவட்டிட்டு இருந்தேன்க்கா.”

“ஆமா.”

“நீயா?”

“வேற யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?” என்று சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை நான்.

“சாவி?”

“நான்தான்.”

“அடுப்பு?”

“நான்தான். பக்கத்துலயே இருந்தேன், பயப்படாதே.”

அவள் அழுவாள் என்று நினைத்துக் கையில் இருந்த ஈரத் துண்டைக் கீழே வைத்தேன். அவள் அழவில்லை, மேடம். தரையில் உட்கார்ந்தாள். தாளைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சின்னதாக ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. “அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணுமே இல்ல” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பத்தாவது பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. அடுத்த பால்கனியில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாளும், என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். எவ்வளவு நாளைக்கு அப்புறம் வீட்டில் சிரிப்புச் சத்தம். சிரித்துவிட்டாள் என்றால் மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

மத்தியானத்துக்குள் இரண்டு பையில் துணியை எடுத்துக்கொண்டு தும்மலாரின் அக்கா வீட்டு மாடியறைக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை அந்தத் தாளை உங்களிடம் கொடுத்தாள். மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார். தலைமை அலுவலகத்து அம்மா அந்த இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். அவள் கிளம்பிய அன்று மாடி முழுக்கச் சேர்ந்து கேக் வெட்டினார்கள். நான் வரக்கூடாது என்று நீங்கள் உத்தரவு போட்டிருந்ததால், தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றபடி ஜன்னலில் பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

இனி உங்கள் கேள்விகள். உங்கள் அறிக்கையில் பத்தொன்பது திருத்தங்கள் என்று இருக்கிறது. அது பிழை. பத்தொன்பது என்பது அவளுடைய நிரல் ஓட ஆரம்பித்த பிறகு நடந்தது. மொத்தம் அறுபத்து மூன்று. வீட்டில் செய்தவை இதில் சேராது. ஒவ்வொன்றையும் நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன், யாரும் தூண்டவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் முகம் என்ன ஆகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே செய்தேன்.

இதுதான் முதல் தடவையா என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்புகளில் முதல் தடவை. பதினேழு வயதில் அவளுக்கு வெளியூர்க் கல்லூரி ஒன்றில் விடுதியோடு இடம் கிடைத்தது. கடிதம் பகலில் வந்தது, அவள் வீட்டில் இல்லை. அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். தனக்கு அந்த அளவுக்கு மூளை இல்லை என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

ஏன் என்ற கேள்விக்கு நான்கு வரி விட்டிருக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு தேவையில்லை. அவளுக்கு நான் வேண்டியிருந்தது. அவளுக்கே அது தெரியாமல் இருந்ததால் கொஞ்சம் நினைவுபடுத்தினேன்.

அவள் போய் மூன்று வாரம் ஆகிறது. நேற்று உங்களிடம் வந்துவிட்டுத் திரும்பும்போது மின்தூக்கியில் தும்மலாரைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் நல்ல மனிதர், கேட்டதற்குப் பதில் சொன்னார். அங்கே இந்த மூன்று வாரத்தில் எறும்பின் ஒரு பில்டுகூட உடையவில்லையாம்.

பாவம், ஒன்றுமே உடையாவிட்டால் அவள் யாரிடம்தான் போய்ப் பேசுவாள்?